கிறகரி ஃபைலில் வைக்காத கடிதம்

கனடாவில், ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டி தூக்குகிற கிறகரியிடம் ஒரு ஃபைல் இருந்தது. நீல மட்டை, நாலு விரல் தடிப்பு. வேறு நாட்டுக்கு வந்து விசாவுக்குக் காத்துக் கிடந்த எங்கள் சனத்துக்கு ஃபைல் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. கோயில் பாதர் கொடுத்த கடிதம், முதலாளி கொடுத்த கடிதம், பிரெஞ்சு வகுப்புக்குப் போன சான்றிதழ், பக்கத்து வீட்டுக் கிழவனின் படியில் பனி வழித்ததற்கு அந்தக் கிழவன் நடுங்கிய கையால் எழுதிக் கொடுத்த துண்டு, எல்லாம் அதற்குள் கிடந்தன. முத்திரை விழுந்த எந்தக் கடதாசியும் ஒருநாள் உதவும் என்பது எங்கள் ஆட்களின் வேதவாக்கு. எந்தக் கடதாசி உதவும், எது கழுத்தை அறுக்கும் என்று பிரித்துப் பார்க்கிற புத்தி மட்டும் எங்களுக்கு எப்போதும் ஒரு வருடம் பிந்தித்தான் வரும்.

கிறகரி மன்னார்க் கரையிலிருந்து பதின்மூன்று வருடங்களுக்கு முன் வந்தவர். இப்போது வயது ஐம்பத்துமூன்று. அகதி வழக்குப் போட்டு, ஏழாம் வருடம் தோற்றார். போயிருக்க வேண்டிய ஆளை இங்கே பிடித்து வைத்தது தமையனின் பிள்ளை. தமையன் அருமைராசா முன்னரே வந்து குடியுரிமை எடுத்தவர். பார்க்-எக்ஸ்டென்ஷனில், நாலரை என்று இங்கே சொல்கிற இரண்டு படுக்கையறை வீடொன்றில் மனைவி, மகள் அனோஜினி என்று இருந்தவர். பிள்ளைக்கு ஒன்பது வயதில் தாய் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தாள். ஆறு வருடம் கழித்து, வேலை செய்த களஞ்சியத்தில் பெட்டிகளுக்கு நடுவே அருமைராசா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், பிறகு எழும்பவில்லை. மிஞ்சினது பதினைந்து வயதுப் பெட்டையும், விசா இல்லாத சித்தப்பனும். ஆண்டவர் பார்த்துத்தான் செய்கிறாரோ, கண்ணை மூடிக்கொண்டு செய்கிறாரோ என்று கேட்டால் பாதர் கோபிப்பார்.

பிள்ளை பதினெட்டைத் தாண்டும்வரை சித்தப்பனை அனுப்புவதில்லை என்று அரசாங்கத்தார் தள்ளிப் போட்டார்கள். மாதம் ஒருமுறை போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். கிறகரி ஒரு மாதமும் தவறவில்லை. கலியாணம் கட்டாத மனிதன். ஒரு பெண்பிள்ளையின் தலைமுடியைப் பின்னத் தெரியாமல், சந்தையில் உள்ளிக் கட்டுப் பின்னுகிற இத்தாலியக் கிழவியிடம் போய்ப் பின்னல் பழகி வந்தவர். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டமென்றால் கோயிலுக்குப் போகிற சேட்டைப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் இருப்பார். ஆசிரியை சொல்வது பாதி விளங்காது, ஆனாலும் தலையாட்டிக்கொண்டு இருப்பார்.

தகப்பன் செத்து ஒரு வருடம் பிள்ளை நன்றாகத்தான் இருந்தது போலத் தெரிந்தது. அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. பிறகு சாப்பாடு குறைந்தது. பிறகு அறைக் கதவு பூட்டியே கிடந்தது. பதினாறு வயதில் ஒருநாள் பின்னேரம் கிறகரி வேலையால் வந்து கதவைத் தட்ட, பதில் வரவில்லை. தோளால் இடித்துத் திறந்து உள்ளே போனவர் கண்டதை நான் எழுதப் போவதில்லை. அம்புலன்ஸ் வந்தது, பிள்ளை பிழைத்தது. ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை வைத்திருந்தார்கள்.

அந்த மூன்று கிழமையும் கோயிலில் கேட்டவர்களுக்குக் கிறகரி சொன்ன பதில் ஒன்றுதான்: அப்பெண்டிக்ஸ், வெட்டி எடுத்தாச்சு, இனிப் பயமில்லை. மேல்மாடியில் இருக்கிற மாக்கிரட் சூப் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தபோதும் அதையேதான் சொன்னார். மாக்கிரட் யாழ்ப்பாணத்துக்காரி, கிறகரியைவிடப் பத்து வயது குறைவு, ஒரு வயோதிபர் இல்லத்தில் வேலை. அவள் மேலே ஒன்றும் கேட்காமல் சூப்புச் சட்டியை வைத்துவிட்டுப் போனாள். கெட்டிக்காரத்தனமாக மறைத்துவிட்டேன் என்று கிறகரி நினைத்தார்.

அவருடைய நியாயம் எங்களுக்கு விளங்காத நியாயமில்லை. தாய் தகப்பன் இல்லாத பெட்டை. நாளைக்கு ஒரு சம்பந்தம் பேசி வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது இதைத்தான். பெட்டைக்குத் தலையில் ஏதோ என்று ஒரு சொல் வெளியே போய்விட்டால், ரொறன்ரோ போய், லண்டன் போய், மன்னார் வரைக்கும் போய்த்தான் அது நிற்கும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அதனால் தன்னுடைய வாயை மூடிக்கொண்டார் மனிதன், ஐந்து வருடமாக.

அனோஜினியின் வருத்தம் போகவில்லை. டொக்டரிடம் மாதம் ஒருமுறை போனாள், குளிசை குடித்தாள், படித்தாள். படிப்பில் மட்டும் குறை சொல்ல ஏலாது. நகரம் இருக்கிற தீவின் மேற்கு நுனியில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருக்கிற பல்கலைக்கழக வளாகத்தில் உணவு விஞ்ஞானம் படிக்க இடம் கிடைத்தது. வீட்டிலிருந்து மெட்ரோவும் பஸ்ஸுமாக ஒன்றரை மணித்தியாலம். நல்ல நாளில் "சா வா, சித்தப்பா" என்று, சுகம்தான் என்பதைப் பிரெஞ்சில் சொல்லிவிட்டுத் தானே போவாள். கூடாத நாளில் கட்டிலை விட்டு இறங்கவே மாட்டாள். அந்த நாட்களில் கிறகரி முதலாளிக்குப் போன் எடுத்துக் காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு, பிள்ளையை எழுப்பி, ஒரு துண்டு பாண் தின்னவைத்து, பஸ்ஸில் பக்கத்தில் இருந்து வளாகம் வரை கொண்டுபோய் விடுவார். வகுப்பு முடியும்வரை கால்வாய்க் கரையில், மதகுக்குள் தண்ணீரோடு வள்ளங்கள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். குளிரென்றால் நூலகத்து வாசலில் நிற்பார். போன வருடம் மட்டும் இப்படி முப்பத்தேழு நாள். இதற்கெல்லாம் யார் கடிதம் கொடுப்பார்கள்? ஃபைலில் வைக்க வேண்டிய விசயம் அது ஒன்றுதான், அதற்கு முத்திரை கிடையாது.

பிள்ளைக்குப் பதினெட்டு ஆனதும், மனிதாபிமான அடிப்படையில் இங்கே இருக்க விடுங்கள் என்று விண்ணப்பம் போட்டார்கள். பிடித்த சட்டத்தரணி கெபெக் மாகாணத்துப் பிரெஞ்சுக்காரி, நல்ல மனுசி, அவசரப்படாமல் கதைப்பவள். அவள் அனோஜினியை மொழிபெயர்க்க வைத்துக் கிறகரிக்கு ஒரே விசயத்தை மூன்று தரம் சொன்னாள். நீங்கள் நல்லவர் என்பதற்கு உங்களிடம் எண்பது கடதாசி இருக்கிறது. நல்லவர்கள் நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நீங்கள் போய்விட்டால் இந்தப் பிள்ளை என்ன ஆகும் என்பதற்கு ஒரு கடதாசி வேண்டும், அதுதான் உங்கள் வழக்கு. அப்படி எதுவும் இருக்கிறதா?

கிறகரி ஃபைலை மூடி மடியில் வைத்தார். அனோஜினி சித்தப்பனின் முகத்தைப் பார்த்தாள், பிறகு சட்டத்தரணியிடம், பார்க்கிறோம் என்று சொன்னாள். அடுத்த மாதமே அவள் தன்பாட்டில் டொக்டரிடம் கேட்டு ஒன்றரைப் பக்கக் கடிதம் ஒன்று வாங்கி வந்தாள். பதினாறு வயதில் நடந்தது, இப்போது குடிக்கிற குளிசை, சித்தப்பன் வீட்டில் இருப்பதுதான் இந்தப் பிள்ளையின் உயிருக்குக் காவல் என்பது, எல்லாம் அதில் இருந்தன. அதைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"இதைக் குடுங்கோ, சித்தப்பா. எனக்கு வெக்கமில்லை."

"உனக்கு வெக்கமில்லை. நாளைக்கு உன்னைக் கேட்டு வாற சனத்துக்கு? எழுதின கடதாசி எழுதினதுதான் பிள்ளை, அழியாது."

"ஆர் வந்து அந்த ஃபைலைப் பாக்கப் போயினம்? அதை ஒரு ஒஃபிசர் மட்டுந்தானே வாசிக்கப் போறார்."

கிறகரி கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். சரி, குடுக்கிறன் என்று மட்டும் சொன்னார். பிள்ளை நம்பிப் போய்ப் படுத்தாள். அவர் அந்தக் கடிதத்தை நாலாக மடித்து, தமையனின் பழைய பைபிளுக்குள் வைத்து அலுமாரியில் மேல்தட்டில் போட்டார். பிறகு பார்க்கலாம், இன்னும் காலம் இருக்கிறது என்று நினைத்திருப்பார். இப்படி நினைத்து நாசமாய்ப் போன குடும்பங்கள் எத்தனை.

இது கிடக்க, அனோஜினியின் முதல் வருடப் புள்ளிகள் வந்தன. ஆயிரத்துக்கு மேல் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் அவள் முதல் நூறுக்குள். ஒரு கிழமை கழித்து மின்னஞ்சலில் ஓர் அழைப்பு வந்தது. ஹானர் சொசைட்டி என்று ஒன்று: நல்ல புள்ளி எடுக்கிற மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிற சங்கம். ஒருமுறை கட்டணம் கட்டினால் ஆயுளுக்கும் அங்கத்தவர். மேடையில் கூப்பிட்டு ஊசிப் பதக்கம் குத்துவார்கள், தங்க எழுத்தில் சான்றிதழ் கொடுப்பார்கள், பெற்றோரும் வரலாம்.

அனோஜினி அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வளாகத்தில் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்கிற ஓர் அம்மாவிடம் போய்க் கேட்டிருக்கிறாள், இதில் சேர்வதால் ஏதும் பிரயோசனம் உண்டா என்று. அந்த அம்மா ஒளிக்காமல் சொல்லியிருக்கிறா: ஏமாற்று வேலை இல்லை, பெரிய வரமும் இல்லை. கூட்டங்களுக்குப் போய், நாலு பேரோடு பழகி, அவர்கள் கொடுக்கிற உதவித்தொகைகளுக்கு எழுதிப் போடுகிறவர்களுக்கு ஓரளவு நன்மை உண்டு. சான்றிதழைச் சுவரில் கொழுவிவிட்டு இருப்பவர்களுக்கு அது ஒரு சட்டம் போட்ட மட்டைதான். இங்கே வேலை கொடுக்கிற முதலாளிமாரில் பாதிப் பேருக்கு அந்தப் பெயரே தெரியாது. சனக்கூட்டத்தைக் கண்டால் உனக்குக் கை நடுங்கும் என்றால், இதற்காக உன்னை வருத்தாதே என்றும் சொல்லியிருக்கிறா.

இதைப் பிள்ளை இரவுச் சாப்பாட்டோடு சாட்டுக்குச் சொன்னாள், முடிந்த கதையாகத்தான் சொன்னாள். கிறகரிக்குக் கையில் எடுத்த புட்டு வாய்க்குப் போகவில்லை. ஹானர் என்றால் கௌரவம் என்று அவருக்குத் தெரியும். கனடாவின் பல்கலைக்கழகம் ஒன்று, தான் வளர்த்த பிள்ளையைக் கௌரவிக்கிறது. எங்கள் ஊர்களில் பிள்ளையின் றிசல்ட்தான் பெற்றவர்களின் நற்சாட்சிப் பத்திரம். பிள்ளை ஓ.எல். சோதினையில் எட்டுப் பாடமும் ஏ எடுத்தால், தகப்பன் குடிகாரனாக இருந்தாலும் கோயிலில் முன் வாங்கில் இடம் கிடைக்கும். அந்தக் கண்ணால்தான் கிறகரி இதையும் பார்த்தார். நான் எப்படி வளர்த்திருக்கிறன் பார், இப்படி வளர்த்தவனைத் துரத்தப் போறியோ என்று அந்த ஒஃபிசரைப் பார்த்துக் கேட்கிறதுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இரண்டு நாள் பிள்ளையோடு மல்லுக்கட்டினார். அவள் காசு வீண் என்றாள். மேடையில் ஏற ஏலாது என்றாள். ஆலோசனை அம்மா சொன்னதைத் திரும்பச் சொன்னாள். கடைசியில் அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"உனக்கு வேண்டாம், சரி. எனக்கு வேணும் பிள்ளை. எனக்காக ஒருக்கா ஏறி இறங்கு."

அந்தச் சொல்லுக்குப் பிறகு எந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லும்? சேர்ந்தாள். பதவியேற்பு ஒரு வெள்ளிக்கிழமை பகல். கிறகரி இல்-பிசாரில் இருக்கிற தெரிந்தவர் ஒருவரிடம் ஒரு கோட்டைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். கை இரண்டங்குலம் நீளம். பிள்ளையின் பெயரைப் பிழையாகத்தான் கூப்பிட்டார்கள். அவள் ஏறினாள், கை கொடுத்தாள், படத்துக்குச் சிரித்தாள், இறங்கினாள். மண்டபத்தில் எல்லோரும் கை தட்ட, கிறகரி எழுந்து நின்று தட்டினார். கைதட்டல் ஓய்ந்து பார்த்தால் பிள்ளையைக் காணவில்லை. பெண்கள் கழிப்பறை வாசலில் இருபது நிமிடம் நின்றார். வெளியே வந்தவளின் முகம் சுண்ணாம்பு. வாந்தி எடுத்த மணம் அடித்தது. "சா வா" என்றாள். அவர் அதை நம்ப விரும்பினார், நம்பினார்.

அடுத்த நாள் கோயிலுக்குச் சொல்லி, ஞாயிறு பூசை முடிவில் பாதர் அறிவித்தார். சனம் கைதட்டியது. நாலு வருடத்தில் முதல் தடவையாகக் கிறகரி தலையை நிமிர்த்திக்கொண்டு கோயில் வாசலில் நின்றார். அனோஜினியைச் சுற்றிப் பெண்கள் நின்று கன்னத்தைத் தடவினார்கள். அந்த நிமிடம் அவருக்கு இனித்தது. பொய் சொல்ல ஏலாது, எங்களுக்கும் இனித்திருக்கும்.

சட்டத்தரணி, கடைசியாகச் சேர்க்க இருப்பதையெல்லாம் இரண்டு கிழமைக்குள் கொண்டுவாருங்கள் என்று அறிவித்திருந்தாள். போகிற அன்று காலை கிறகரி அலுமாரியைத் திறந்து பைபிளை எடுத்தார். கடிதத்தை விரித்துப் பார்த்தார். பிரெஞ்சு வாசிக்கத் தெரியாவிட்டாலும் அதில் பிள்ளையின் பெயர் ஏழு இடத்தில் இருப்பது தெரிந்தது. மற்றக் கையில் தங்க எழுத்துச் சான்றிதழ். ஒன்றில் பிள்ளை வருத்தக்காரி, மற்றதில் ராசாத்தி. இரண்டும் ஒரே பெயர். கடிதத்தை மடித்துத் திரும்பப் பைபிளுக்குள் வைத்தார். சான்றிதழைக் கலரில் படியெடுத்து ஃபைலின் முதல் பக்கமாக வைத்தார். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடிக்குள் விட்டதென்று அப்போது அவருக்கு யார் சொல்வது? அன்று அனோஜினிக்கு வகுப்பு. கோயில் ஆள் ஒருவர் மொழிபெயர்க்கப் போனார். டொக்டரிடம் ஏதும் கிடைத்ததா என்று சட்டத்தரணி கேட்க, டொக்டர் எழுத மாட்டேன் என்றுவிட்டார் என்று கிறகரி சொன்னார். அவள் பேனையை மேசையில் வைத்துவிட்டு ஃபைலை வாங்கினாள்.

பதினொரு மாதம் கழித்துப் பதில் வந்தது. பனி உருகுகிற காலம், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். அனோஜினி வகுப்பால் வந்து சப்பாத்துக் கழற்றாமலே கடித உறையைக் கிழித்தாள். முதல் வரியிலேயே இல்லை என்று இருந்தது. பிள்ளை நிற்காமல் வாசித்துக்கொண்டு போனாள்; கிறகரி எதிரில் கதிரைப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாம் பக்கத்தில் நிறுத்தி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். விண்ணப்பதாரரின் பெறாமகள் வயதுவந்தவர். மிகச் சிறந்த மாணவி. மதிப்புக்குரிய மாணவர் சங்கமொன்றின் அங்கத்தவர் என்பதற்குச் சான்று முன்வைக்கப்பட்டுள்ளது. தன்னம்பிக்கையும் நண்பர் வட்டமும் உள்ள அவர் தன் காலில் நிற்கக் கூடியவர் என்பதை இது காட்டுகிறது. சித்தப்பன் இல்லாமற் போவதால் அவருக்கு மிகையான இடர் ஏற்படும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

கிறகரிக்கு முதலில் விளங்கியது பிள்ளையைப் புகழ்கிறார்கள் என்பதுதான். பெருமைப்படுகிற மாதிரி ஒரு சிரிப்புக்கூட முகத்தில் வந்து போனது, பாவி மனுசன். அனோஜினி சிரிக்கவில்லை. அவள் கடைசிப் பக்கத்தில், பார்வையிட்ட ஆவணங்கள் என்று போட்டிருந்த பட்டியலை விரலால் தொட்டுத்தொட்டு இறங்கினாள். ஒருமுறை இறங்கி, திரும்ப மேலே போய் இன்னொருமுறை இறங்கினாள்.

"டொக்டரின்ர கடிதம் எங்க, சித்தப்பா?"

கிறகரி கதிரைப் பிடியை விட்டார்.

"நீங்கள் குடுத்தனீங்கள்தானே?"

அவர் அலுமாரிப் பக்கம் பார்த்தார். அந்தப் பார்வை போதும். பிள்ளை ஒரு சத்தமும் போடவில்லை. கத்தியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். சப்பாத்தோடேயே அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கிறகரி அந்தக் கதவுக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். நீ என்னட்டைக் குடுத்ததை நான் வைக்கேல்லை பிள்ளை, உன்ர நன்மைக்குத்தான் வைக்கேல்லை என்று கதவுக்குச் சொன்னார். கதவு கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் இருவரும் டொக்டரின் கடிதத்தைக் கொண்டு சட்டத்தரணியிடம் ஓடினார்கள். அவள் வாசித்துவிட்டு நெற்றியில் கையை வைத்தாள். திட்டவில்லை. அனுப்புவதைத் தள்ளிவைக்கக் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள், கேட்டாள். பதில் ஒன்பது நாளில் வந்தது. ஒரு வருடத்துக்கு மேலாகக் கையில் இருந்த கடிதத்தை ஏன் முன்னர் தரவில்லை என்பதற்கு நம்பும்படியான காரணம் இல்லை. அந்தக் கடிதம் எழுதப்பட்ட பிறகும் மாணவி தொடர்ந்து உயர்ந்த புள்ளிகள் பெற்றிருக்கிறார், மேடையேறிக் கௌரவம் பெற்றிருக்கிறார். வெட்கத்தால் தரவில்லை என்று எழுதியிருந்தோம் என்று சட்டத்தரணி சொன்னாள். தன் பிள்ளையின் உயிரைவிட வெட்கம் பெரிதா என்று வாசிக்கிறவர் கேட்பார், அதற்கு நான் என்ன எழுதுவது என்றும் கேட்டாள். அனோஜினி அதை மொழிபெயர்க்கவில்லை. கிறகரிக்கு அந்தப் பிரெஞ்சு மொழிபெயர்க்காமலே விளங்கியது.

கிறகரி புறப்பட வேண்டிய திகதி குறித்துக் கொடுத்தார்கள். மே மாதம் இருபதாம் திகதி, ஒரு பெட்டி, இருபத்துமூன்று கிலோ.

அதற்குள் வீட்டில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. அனோஜினி வகுப்புக்குப் போவதை நிறுத்தினாள். கடைசிச் சோதினை இரண்டுக்குப் போகவில்லை. பகலில் யன்னலை மூடிக்கொண்டு கிடந்தாள். கிறகரி சந்தை வேலையை விட்டுவிட்டு, குசினிக்கும் அந்த அறை வாசலுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார். வைக்கிற சோறு பாதி திரும்பி வரும். ஒருநாள் பிள்ளை தானாக வெளியே வந்து அவருக்கு முன்னால் இருந்தாள். உங்களில எனக்குக் கோபமில்லை என்றாள். நீங்கள் போன பிறகு நான் எப்பிடி எழும்புவன் எண்டுதான் யோசிக்கிறன் என்றாள். அதை அவள் அழாமல், நாளைக்கு மழை வரும் என்கிறது போலச் சொன்னாள். தான் ஊருக்குப் போவது கிறகரிக்கு அப்போது ஒரு பொருட்டே இல்லை. மன்னாரில் என்ன செய்தாலும் செய்யட்டும். இந்தப் பிள்ளையை யாருடைய கையில் விட்டுவிட்டுப் போவது?

யோசித்துப் பார்த்தார். யாருடைய கையில் விடுவதென்றாலும் முதலில் வாயைத் திறக்க வேண்டும். ஐந்து வருடம் எதை மறைக்கவென்று எல்லாவற்றையும் தொலைத்தாரோ, அதை இப்போது தானே போய்ச் சொல்ல வேண்டும். வேறு வழி இல்லை.

புறப்பட எட்டு நாள் இருக்க, சனிக்கிழமை பின்னேரம், பிள்ளை குளிக்கிற நேரம் பார்த்துக் கிறகரி மேல்மாடிக்கு ஏறினார். மாக்கிரட் மீன் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டு நின்றாள். வாங்கோ அண்ணை, இருங்கோ என்றாள். அவர் இருக்கவில்லை. சேட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்று, மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் விட்டார். கடைசியில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தங்கச்சி, பிள்ளைக்கு அண்டைக்கு அப்பெண்டிக்ஸ் இல்லை. அவள் சாகப் பாத்தவள். இப்பவும் குளிசையிலதான் இருக்கிறாள். நான் போன பிறகு அவளோட இரவில ஒரு ஆள் வேணும். உன்னைவிட எனக்கு ஆரும் இல்லை."

சொல்லி முடிக்கையில் அவருக்கு வேர்த்து ஒழுகியது. மாக்கிரட் அடுப்பை நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்தாள். திடுக்கிடவில்லை. ஐயோ என்று நெஞ்சில் கை வைக்கவில்லை. ஒரு கதிரையை இழுத்து அவருக்குப் பின்னால் வைத்தாள்.

"தெரியும், அண்ணை. அம்புலன்ஸ்காரருக்குக் கீழ்க் கதவு திறந்துவிட்டது நான்தானே. கோயில்லயும் எல்லாருக்கும் தெரியும், பாதருக்கும் தெரியும். நீங்கள் சொல்ல விரும்பேல்லை எண்டுதான் ஒருத்தரும் உங்களைக் கேக்கேல்லை."

கிறகரி கதிரையில் இருந்தார். பாதருக்கும் தெரியும் என்பதைத் திரும்ப ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். அன்று பூசை முடிவில் சனம் கைதட்டியது வருத்தக்காரப் பிள்ளை படித்து ஏறி வந்ததற்கு என்று இப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒரு சொல் கேட்டிருந்தால் அவர்களில் பத்துப் பேர் அந்த ஃபைலுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

"அப்ப நான் ஆருக்கு ஒளிச்சனான்?" என்று கேட்டார்.

மாக்கிரட் அவருக்குத் தேத்தண்ணி வைக்கத் திரும்பினாள். அனோஜினியின் வருத்தம் கடைசிவரை தெரியாமல் இருந்தது ஒரே ஒரு ஆளுக்குத்தான்: அந்த ஃபைலை வாசித்துத் தீர்ப்பு எழுதிய ஒஃபிசருக்கு.